ஒதுங்காதவருக்கு இடமில்லை

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்பாலில் முதலில் விளங்காதது இதுதான்: பந்து உடம்பில் பட்டால் மட்டையாளருக்கு முதல் பேஸ் இனாம். அடடா, சும்மா நின்று ஒரு அடி வாங்கினால் போதுமே என்று நினைத்தேன். 1968ஆம் வருட ஆட்டம் ஒன்றைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் குறுக்குவழி அடைபட்டது என்று தெரிந்தது.

மே 31, லாஸ் ஏஞ்சலஸ். டாட்ஜர்ஸின் டான் டிரைஸ்டேல் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் ஒரு ரன்கூடக் கொடுத்திருக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஜயன்ட்ஸுக்கு எதிராக 3-0 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ், யாரும் அவுட்டாகவில்லை, மூன்று பேஸிலும் ஆள். டிக் டீட்ஸ் மீது பந்து பட்டது. அவர் முதல் பேஸுக்குப் போனால் மூன்றாம் பேஸில் நிற்பவர் தானாக உள்ளே வந்துவிடுவார். சாதனை அத்தோடு சரி. நடுவர் ஹாரி வெண்டல்ஸ்டெட் மறுத்துவிட்டார். டீட்ஸ் ஒதுங்க முயலவே இல்லை, ஆகவே அது வெறும் 'பால்'. ஜயன்ட்ஸ் கத்தித் தீர்த்தார்கள். பிறகு டீட்ஸ் கேட்ச் கொடுத்து அவுட், ரன்னும் விழவில்லை. டிரைஸ்டேலின் தொடர் 58 இன்னிங்ஸைத் தாண்டிப் போனது. வேடிக்கை என்னவென்றால், தன் காலத்தில் 154 பேரைப் பந்தால் அடித்தவர் அவர்!

விதி தெளிவுதான். ஸ்டிரைக் எல்லைக்குள் வந்த பந்து பட்டால் ஸ்டிரைக். வெளியே வந்தது பட்டால், ஒதுங்க முயன்றவருக்கும், ஒதுங்க வழியே இல்லாதவருக்கும் பேஸ். முயலாதவருக்குக் கிடையாது. ஆனால் 'முயலவில்லை', 'முடியவில்லை' இரண்டையும் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் எப்படிப் பிரிப்பது?

2015இல் மேக்ஸ் ஷெர்சர் 26 பேரை வரிசையாக வெளியேற்றினார். 27ஆவது ஆளான ஹோசே டபாட்டாவின் முழங்கையில் பந்து பட்டது. வேண்டுமென்றே கையை நீட்டினார் என்று பலர் கொதித்தார்கள். நடுவர் பேஸ் கொடுத்தார். 'பெர்ஃபெக்ட் கேம்' போயிற்று.

டீட்ஸுக்கு மறுத்தது சரியென்றால் டபாட்டாவுக்குக் கொடுத்தது தப்புதானே என்று முதலில் நானும் சொன்னேன். பிறகு ரே சாப்மன் நினைவுக்கு வந்தார். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில், கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு மறுநாள் இறந்தவர். பந்து வந்ததே அவர் கண்ணில் படவில்லை என்பார்கள். அவரும் நகராமல் நின்றவர்தான்.

நம் கிரிக்கெட்டிலும் இதே சிக்கல் உண்டு. அடிக்கவோ ஒதுங்கவோ முயலாதவருக்கு லெக்-பை கிடையாது. அங்கே போவது ஓரிரு ரன். இங்கே ஒரு சாதனையே போகலாம். ஆனாலும் சந்தேகம் வந்தால் அடி வாங்கியவர் பக்கம் நிற்கும் நடுவரை இப்போது என்னால் திட்ட முடிவதில்லை.