மண்ணுக்கும் ஒரு பட்டயம்

பாகூரில் கிடைத்த செப்பேடுகள் நம் வட்டாரத்தின் பழைமைக்குச் சான்று பகர்வன. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை அவை உரைக்கின்றன. அந்நாளில் நிலக்கொடை ஓலை எழுதுவதோடு முடிந்துவிடவில்லை. நாட்டார் நேரில் சென்று எல்லை நெடுக நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுத்தனர். நிலத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன்மீது நடக்க வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட முறை.

ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் அதே மண்ணுக்கு வேறொரு வகை அளவை வந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1880களில், பாகூர்ப் பகுதியில் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிய வந்தது. புதுச்சேரியில் 41 கோடி 60 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழுப்பு நிலக்கரி உள்ளதென அரசின் கனிமக் கணக்கு இன்று கூறுகிறது. ஆயினும் இங்குச் சுரங்கம் தோண்டப்படவில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் பெண்ணையாற்று நீர் பாகூர் ஏரியை நிரப்ப, ஏரி வயல்களை ஊட்டுகிறது. அடியில் கிடப்பது எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. மேலே உள்ள மண் எத்தகையது என்பதற்கும் அத்தகைய கணக்கு வேண்டாமா? வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்பதை ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கச் சென்ற நம் மக்களின் வியர்வையில் எழுந்த ஊர் அது. 1880இல் ஜான் டெய்லர் குழுமம் அங்கே கால் ஊன்றியது. 1887இல் ஸ்காட்லாந்தில் மக்கார்தர் என்பார் கண்டறிந்த சயனைடு முறை, பாறைப் பொடியில் ஒட்டியிருக்கும் பொன்னைக் கரைத்தெடுக்க வழி செய்தது. ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம். எஞ்சிய மாவு முழுவதும் சுரங்கத்தின் அருகிலேயே, தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டது. காற்று வீசுங் காலத்தில் அந்த மேடுகளின் தூசி வாசலிலும் உணவிலும் படியும். மழைக்காலத்தில் அவை வரிவரியாக அரிக்கப்பட்டுத் தாழ்ந்த நிலங்களில் இறங்கும்.

சுரங்கத்திற்குள் இறங்கியவர்களின் நுரையீரலில் அப் பொடி செய்த வேலை ஓரளவு அளக்கப்பட்டது. 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்களுள் 3,402 பேருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நோய் காணப்பட்டது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. கூலி நின்றது, மேடுகள் நின்றுவிட்டன. 2024இல் கர்நாடக அரசு அம் மேடுகளிலிருந்து மீண்டும் பொன் எடுப்பதற்கு இசைவளித்தபோது, 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், 3 கோடி 30 லட்சம் டன் பொடி என்ற கணக்கு நாளேடுகளில் வெளிவந்தது. அக் கணக்கு மேட்டில் ஒளிந்திருக்கும் பொன்னைப் பற்றியது. லைன் வீட்டு முற்றத்தில் குழந்தை விளையாடும் மண்ணைப் பற்றியது அன்று.

தங்கவயல் தொலைவில் உள்ளது எனலாம். நெய்வேலி அப்படியன்று, பாகூரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1956இல் நிறுவனம் உருவாகி, 1957இல் சுரங்கப்பணி தொடங்கி, 1961இல் கரி கண்ணிற்பட்டது. அங்கே ஒரு டன் கரிக்காக ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்றவேண்டும். கரியை எரித்தபின் சாம்பல் எஞ்சும். கரியிலும் சாம்பலிலும் பாதரசம் முதலியன நுண்ணளவில் கலந்திருக்கும். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் ஆய்வு மையம் ஆகிய அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, வடக்கு வெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 62 மடங்கு இருந்ததாகக் கூறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. முதற்கரி கண்ட அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே இந்தக் கேள்வி மன்றம் ஏறியது என்பது நம் சிந்தனைக்கு உரியது.

வேறு வழி உண்டா? ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரை உழவர்கள் உண்டு என்று காட்டினர். நம்மைப்போல் அவர்களும் நெல் விளைவிப்போர். மேலே கமியோகா என்னும் துத்தநாகச் சுரங்கம். கீழே தொயாமா சமவெளியின் வயல்கள். சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் கலந்து, பாசன நீரோடு வயலில் படிந்து, அரிசியில் ஏறியது. பிள்ளை பெற்ற தாய்மாரின் எலும்புகள் உளுத்து ஒடிந்தன. அவர்கள் அலறிய சொல்லையே நோய்க்குப் பெயராக்கி, ‘வலிக்கிறது, வலிக்கிறது’ எனப் பொருள்படும் ‘இதாய் இதாய்’ என்று அழைத்தனர். ஹகினோ என்னும் ஊர் மருத்துவர் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயற்பரப்புக்குள்ளேயே அப் புள்ளிகள் செறிந்தன. நோயின் எல்லையும் பாசனத்தின் எல்லையும் ஒன்றாயின.

1968இல் ஜப்பான் அரசு காரணத்தை ஏற்றது. 1970இல் வேளாண் நிலத்தின் மண் மாசைத் தடுக்கச் சட்டம் பிறந்தது. வழக்கில் வென்ற உழவர்கள் 1972 முதல் ஆண்டுதோறும் தாமே வல்லுநர்களுடன் சுரங்கத்திற்குள் சென்று பார்வையிடும் உரிமை பெற்றனர். ஏறத்தாழ 863 ஹெக்டேர் வயலின் மண்ணைச் சீர்செய்யும் பணி 2012இல்தான் நிறைவுற்றது. கெடுத்த மண்ணைத் திருத்த ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. எங்கிருந்து எதுவரை கெட்டது என்று சொல்லும் படம் இல்லாதிருந்தால் அப் பணியைத் தொடங்கவே இயன்றிராது.

அத்தகைய படம் வரைவது மறைபொருள் அன்று. ஊரைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மேல் மண்ணைப் பல இடங்களில் ஒரே ஆழத்தில் எடுத்துக் கலந்து, எடுத்த இடத்தைக் குறித்து ஆய்வகத்திற்கு அனுப்புவர். காற்றின் திசையையும் வாய்க்காலின் போக்கையும் பின்பற்றிச் செல்வர். மாசு படாத இடத்து மண்ணையும் ஒப்பிடுவதற்கு எடுப்பர். இயற்கையாகவே சில உலோகங்கள் மண்ணில் இருக்குமாதலின் இது இன்றியமையாதது. வயலோடு நில்லாமல் வீட்டு முற்றம், பள்ளித் திடல், கிணற்றடி ஆகியவற்றையும் சேர்ப்பர். ஈயமும் காட்மியமும் அழுகி மறைவன அல்ல. விழுந்த இடத்திலேயே பல தலைமுறைக்குத் தங்குவன.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. 2015இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட மண்வள அட்டை 12 கூறுகளைக் காட்டுகிறது: தழை, மணி, சாம்பல் முதலான சத்துகள், கார அமில நிலை, உப்பின் அளவு போன்றவை. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியன அவற்றுள் இல்லை. பயிருக்கு என்ன குறைவு என்று அவ்வட்டை சொல்லும். உண்பவருக்கு எது மிகை என்று சொல்லாது. பாகூர் உழவர் தம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்ததென எண்ணினால் அது அவர் பிழையன்று.

பாகூருக்கும் வில்லியனூருக்கும் ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. சுரங்கம் வாராத மண் இது. மாசு வந்தபின் வரையும் படம் வழக்குக்கு உதவும். வருவதற்கு முன் வரைந்த படமோ காவலாக நிற்கும். நாளை எவரேனும் தோண்ட வந்தாலும், மேலை ஊர்களிலிருந்து நீரோ காற்றோ எதையேனும் கொணர்ந்தாலும், ‘முன்பு எம் மண் இவ்வாறிருந்தது’ என எடுத்துக் காட்ட அது ஒன்றே சான்றாகும். அச் சான்று இல்லாதவிடத்து, ‘இது இயற்கையாகவே இருந்தது’ என்னும் மறுமொழிக்கு முன் ஏழை உழவன் வாயடைத்து நிற்பான்.

கொம்யூன் பஞ்சாயத்துகளும், குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையமும், நம் பள்ளிகளும் ஒன்று கூடினால் இது கைகூடும். ஊர்ப் பெரியோர் வாய்க்கால்களின் பழைய போக்கைச் சொல்ல, மாணவர் மண் எடுக்க, ஆய்வகம் அளக்க, முடிவைப் பஞ்சாயத்துச் சுவரிலே தமிழில் எழுதி வைக்கலாம். அன்று கல்லும் கள்ளியும் கொண்டு எல்லை நடந்த நாட்டார், எந்த நிலம் யாருக்கு உரியது என்று செம்பில் பொறித்தார்கள். அந்த நிலம் எவ்வாறு இருக்கிறது என்று எழுதிவைக்கும் கடமை நமக்கு எஞ்சியிருக்கிறது. அதற்கு முன்னதாக நாம் எல்லை நெடுக ஒருமுறை நடக்க வேண்டும்.