உப்பு நீரால் உலோகம் வெட்டும் தொழில்நுட்பம்: இயந்திரத்துக்கு முன் ஒரு கணினி

விமான இயந்திரங்களின் சுழலித் தகடுகள் நிக்கல் கலப்புலோகங்களால் செய்யப்படுகின்றன. கடும் வெப்பத்திலும் உறுதி குலையாத உலோகம் அது. அதே காரணத்தால் அதைக் கத்தியால் கடைந்து எடுப்பதும் சிரமம். இத்தகைய உலோகங்களை உப்புக் கரைசலையும் மின்னையும் கொண்டு உருவமைப்பதே மின்னிரசாயன வெட்டுமுறை. அதனைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பது எனது தொழில். வடக்கில் பொறியியல் கற்கும் மாணவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இயந்திரமே இல்லாத இடத்தில் இதைப் படித்து என்ன பயன்?"

அடிப்படை என்ன?

உயர்தர இரசாயனவியலில் படித்த மின்பகுப்புத்தான் இது. வெட்டவேண்டிய உலோகம் அனோட்டு, கருவி கதோட்டு. இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளி. அதனூடாகச் சோடியம் குளோரைட்டு அல்லது சோடியம் நைத்திரேற்றுக் கரைசல் வேகமாகப் பாயும். ஏறத்தாழ 5 முதல் 30 வோல்ற்று வரையான நேரோட்ட மின் கொடுக்கப்படும். உலோகம் அயன்களாகக் கரைந்து, சேறாகிக் கரைசலோடு அள்ளுண்டு போகும். கருவியின் பக்கம் ஐதரசன் குமிழிகளே தோன்றுவதால் கருவி தேய்வதில்லை.

எவ்வளவு கரையும் என்பதைப் பரடேயின் விதி சொல்கிறது. இரும்பு இரண்டு வலுவளவில் கரைந்தால், 1000 அம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடத்தில் சுமார் 17.4 கிராமை, அதாவது 2.2 கன சென்றிமீற்றரை அகற்றும்.

கணினி எதற்கு?

கருவியின் வடிவம் அப்படியே உலோகத்தில் பதியும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. கருவி நகரும் திசைக்கு நேர் எதிரே உள்ள பரப்பில் இடைவெளி சிறிதாக இருக்கும். சரிந்த பரப்பில் அது அகலும். 60 பாகை சரிவில் ஏறத்தாழ இரு மடங்காகும். போகும் வழியில் கரைசல் சூடேறுவதால் அதன் கடத்துதிறன் கூடுகிறது. குமிழிகள் அதைக் குறைக்கின்றன. ஆகவே கரைசல் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வெட்டு ஒன்றுபோல் அமையாது. முன்னர் கருவியைச் செய்து, வெட்டிப் பார்த்து, திருத்தி, மீண்டும் வெட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் விலையுயர்ந்த உலோகம் வீணானது.

கணினி இந்தச் சுற்றைச் சுருக்குகிறது. முதலில் இடைவெளிக்குள் மின்னழுத்தம் பரவியிருக்கும் விதத்தை லாப்லாஸ் சமன்பாட்டால் காண்போம். அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்ட அடர்த்தி கிடைக்கும். பரடேயின் விதிப்படி உலோகப் பரப்பைச் சிறிதளவு பின்னகர்த்திவிட்டு, புதிய வடிவத்துக்கு மீண்டும் கணிப்போம்.

கையாலேயே செய்யக்கூடிய உதாரணம் ஒன்று. கடத்துதிறன் மீற்றருக்கு 20 சீமன்ஸ், பயன்படும் அழுத்தம் 10 வோல்ற்று, இடைவெளி 0.5 மில்லிமீற்றர் என்க. மின்னோட்ட அடர்த்தி சதுர சென்றிமீற்றருக்கு 40 அம்பியர். இரும்பு நிமிடத்துக்குச் சுமார் 0.88 மில்லிமீற்றர் கரையும். கருவியும் அதே வேகத்தில் முன்னேறினால் இடைவெளி மாறாது. இடைவெளி சற்றுக் குறுகினால் மின்னோட்டம் கூடி, உலோகம் விரைவாகக் கரைந்து, பழைய நிலை திரும்பும்.

எதை நம்பக்கூடாது?

திரையில் தெரியும் வண்ணப் படத்தை மட்டும் நம்பக்கூடாது. சோடியம் நைத்திரேற்றுக் கரைசலில், மின்னோட்ட அடர்த்தி குறைவான இடங்களில் மின்னின் பெரும்பங்கு ஒட்சிசனை உண்டாக்குவதில் செலவாகும். உலோகம் குறைவாகவே கரையும். அந்த அளவைக் குறித்த உலோகத்தில் பரிசோதித்தே அறியவேண்டும். அதேபோல, குரோமியம் கலந்த உலோகங்களை வெட்டும்போது நச்சுத்தன்மையுள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் கழிவில் சேரக்கூடும். சுண்ணக்கல் நிலத்தில் கிணற்று நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில் இப்படியொரு பட்டறை அமைந்தால், கழிவு நீர்ச் சுத்திகரிப்பும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

போரும் இடப்பெயர்வும் எங்கள் பிள்ளைகளின் படிப்பில் ஆண்டுகளைத் தின்றன, ஆய்வுகூடங்களும் அழிந்தன. பெரிய இயந்திரம் வரும்வரை காத்திருந்தால் இன்னும் ஆண்டுகள் போகும். எல்மர், ஓப்பன்ஃபோம் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருபரிமாணக் கணிப்புக்குச் சாதாரண மடிக்கணினி போதும். கிளிநொச்சியில் இருக்கும் மாணவர் மேலே சொன்ன உதாரணத்தைக் கையால் செய்து, பின் கணினியில் அதே விடை வருகிறதா என்று பார்க்கலாம். அடுத்து சரிந்த கருவி, பிறகு கரைசலின் ஓட்டம், வெப்பம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இயந்திரம் உள்ள ஆய்வுகூடம் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு வரும்போது, அவர் தன் கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசமுடியும்.