பெட்டியும் பாட்டிலும்: தூத்துக்குடியில் கப்பலேறிய கதை

போன வாரம் என் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். மருமகனும் அவளும் சொகுசுக் கப்பலில் நாலு நாள் போய்வரப் போகிறார்களாம். நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குக் கப்பலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. இரண்டு சந்தேகம் கேட்டாள்.

"அப்பா, பெட்டியை எத்தனை மணிக்குக் கொடுக்கணும்? கூடவே வச்சிருக்கணுமா? அப்புறம்... கையோட ஒரு ஒயின் பாட்டில் கொண்டு போலாமா?"

இரண்டாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அப்பாவிடம் கேட்கிறோமே என்ற கூச்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி, பாட்டில் இரண்டுக்கும் இந்தக் கடற்கரையில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. போனில் சொன்னால் பில் ஏறும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாட்டில். எங்கள் ஊரில் மதுக்கடைக்கு ஒயின்ஷாப் என்று பெயர். அங்கே எல்லாம் கிடைக்கும், ஒயினைத்தான் தேட வேண்டும். ஆனால் இந்தக் கடற்கரைக்கு ஒயின் புதிதல்ல. தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தில் கொற்கை இருக்கிறது. இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் சின்ன ஊர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அது பாண்டியரின் துறைமுகம். கிரேக்க வணிகர் ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு வருகிறது. அங்கே குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறார் அவர்.

இங்கிருந்து முத்து போனது, மேற்கிலிருந்து ஒயின் வந்தது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டிய மன்னன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொன்வளை அணிந்த மகளிர் ஊற்றித்தர நீ குடித்து மகிழ்ந்திரு என்கிறார். அந்த மது வந்த இரண்டு கைப்பிடி வைத்த மண்சாடிகளின் உடைந்த துண்டுகளை அரிக்கமேட்டிலும், எங்களுக்கு வடக்கே வைகை முகத்தில் உள்ள அழகன்குளத்திலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மூழ்கி முத்தெடுத்தவன் கைதி, அந்த முத்துக்கு வந்த ஒயினைக் குடித்தவன் ராஜா. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அடுத்து மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மனிதர். பழையகாயல் அப்போது பெரிய துறைமுகம். அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். அவர் எழுதியதில் ஒரு செய்தியை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். இந்த நாட்டார் மதுவைத் தொடுவதில்லை. மது குடிப்பவனையும் கப்பலில் போகிறவனையும் ஜாமீன் நிற்க ஏற்றுக்கொள்வதில்லை. கடலில் போகிறவன் உயிரை வெறுத்தவன், அவன் பேச்சை எப்படி நம்புவது என்று இவர்கள் நினைக்கிறார்கள். இதுதான் செய்தி.

பார்த்தீர்களா? என் மகள் செய்யப்போகும் இரண்டு காரியமும் அன்றைக்கு ஒரே தட்டில் இருந்திருக்கின்றன. ஆனால் அவர் சொல்வது கரையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களின் சட்டம். அந்தக் கரையின் செல்வமே கடலில் போகிறவனால்தான் வந்தது. குளிப்பவனும் தோணி விடுகிறவனும் இல்லாமல் ஒரு முத்துகூடக் கரையேறாது. அவனை நம்பிப் பிழைத்தவர்கள் அவன் வாக்கை மட்டும் நம்பவில்லை.

1530களில் போர்த்துக்கீசியர் காலத்தில் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542இல் புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். பூசைக்குத் திராட்சை ஒயின் வேண்டும், கள்ளோ சாராயமோ ஆகாது. அது திருச்சபையின் விதி. அப்படித்தான் திராட்சை விளையாத இந்த மணல் ஊருக்கு ஒயின் மறுபடி கப்பலேறி வந்தது. மதுவிலக்குக் காலத்திலும் பூசை ஒயினுக்கு விலக்கு இருந்தது. சேலத்தில் 1937இல் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது ஊரில் சட்டப்படி ஒயின் இருந்த இடங்களில் ஒன்று கோயில் அலமாரி. பனிமய மாதா கோயில் தெருவில் எங்கள் வீடு. கிறிஸ்துமஸ் வந்தால் பக்கத்து வீட்டு அம்மாள்கள் பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு வெள்ளைத்துணி கட்டி மூலையில் வைப்பார்கள். சின்னப் பையன்களுக்கு அரை டம்ளர் கிடைக்கும். அது ஒயின் என்று யாரும் சொன்னதில்லை. 'திராட்சை ரசம்' என்பார்கள்.

இனி பெட்டி.

எங்கள் ஊர்க் கடல் ஆழம் குறைந்தது. பழைய காலத்தில் நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு வள்ளத்தில் போகும், ஆட்கள் லாஞ்சில் போவார்கள். 1876இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்த பிறகு, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பாதை. ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறி, ராத்திரி பயணம் செய்தால் காலையில் கொழும்பு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை 'போட் மெயில்' என்றால் தூத்துக்குடிதான்.

என் தாத்தா 1910 வாக்கில் பதினெட்டு வயதில் அப்படிப் போனவர். கொழும்பில் ஒரு அரிசிக் கடையில் கணக்கு எழுதப் போனார். அவர் கொண்டுபோன தகரப்பெட்டி இன்னும் என் பரணில் இருக்கிறது. பேர் எழுதிய வெள்ளைப் பெயிண்ட் பாதி உரிந்துவிட்டது. லாஞ்ச் ஆடும்போது பெட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். முதல் வகுப்புத் துரைமார்களின் தோல்பெட்டிகளைக் கூலிகள் தலையில் தூக்கிப்போய் அடுக்கிக் கட்டினார்களாம். அவர்கள் கை வீசிக்கொண்டு நடந்தார்கள். "எவனாவது தூக்கித் தாரேன்னா பெட்டியை விட்டுறாதல, ஒன் ஊரு பேரு எல்லாம் அதுலதான் இருக்கு" என்று என் சின்ன வயதில் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் மதுரைக்குப் போனாலும் அதைத்தான் சொல்வார்.

தாத்தாவாவது பெட்டியோடு போனார். அதைவிடக் கீழே ஒரு வாசல் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி போகிற ரயில் பாதையில் தட்டப்பாறை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை ஊருக்குள் விடாமல் அங்கேயே இறக்கிவிடுவார்கள். பிளேக் பயம். இலங்கை அரசாங்கம் நம் மண்ணில் நடத்திய முகாம் அது. சில நாள் அடைத்துவைத்து, ஆட்களைக் குளிக்கவைத்து, துணிமூட்டையை மருந்து போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் தோட்டத்தின் எண் அடித்த ஒரு தகர வில்லை. அந்த எண்தான் டிக்கெட். கட்டணத்தைத் தோட்டம் கட்டும், அது தொழிலாளியின் பற்றில் ஏறும். வேலையில் சேரும் முன்பே கடன். மண்டபம் முகாம் வந்த பிறகு இந்த வேலை அங்கே போய்விட்டது. தட்டப்பாறையை இன்று ரயிலில் தாண்டும்போது யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

ஒரே கப்பல்தான். மேல்தட்டில் போனவனின் பெட்டியை யாரும் திறக்கவில்லை, அவனுக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒயின் இருந்தது. கீழ்த்தட்டில் போனவனின் மூட்டை பிரிக்கப்பட்டது. கொற்கையின் பழைய கணக்கு இங்கே திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் கை வைத்தவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு வருடம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். அந்த மூன்று எண்ணையும் பாருங்கள். கப்பல் யாருக்காக ஓடியது என்று அதிலேயே தெரியும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் சும்மாவே ஏற்றிப்போய் ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று அந்தக் கம்பெனி சொன்னதாம். அதுவரை மூட்டையைப் பிரித்துப் பார்க்கப்பட்ட ஆளுக்குத் திடீரென்று குடை! போட்டி என்று ஒன்று வந்தால்தான் சாதாரணப் பயணிக்கு மரியாதை வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த மரியாதை நீடிக்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். இரண்டு ஆயுள் தண்டனை, பிறகு குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல்கள் கைமாறியிருந்தன. தாத்தா போனது இந்த இடைப்பட்ட காலத்தில். குடை தருவதற்கு அப்போது எந்தக் காரணமும் இல்லை.

நான் வேலை பார்த்த புதுத் துறைமுகம் 1974இல் பெரிய துறைமுகமாகத் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீளமாகக் கல் போட்டு அலைத்தடுப்புக் கட்டி ஆழப்படுத்தியதால் கப்பல் நேராகவே பக்கத்தில் வந்து நின்றது. லாஞ்ச் ஆட்டம் முடிந்தது. ஆனால் வந்ததெல்லாம் சரக்குக் கப்பல். வெளிநாட்டுக் கப்பல் ஒன்று உள்ளே வந்தால் கஸ்டம்ஸ்காரர்கள் ஏறி, அதிலிருக்கும் மது, சிகரெட்டைப் பட்டியல் போட்டு அறையில் வைத்துப் பூட்டி முத்திரை வைப்பார்கள். கப்பல் புறப்பட்டுப் போன பிறகுதான் அந்த முத்திரையை உடைக்கலாம். கரையில் நிற்கும்வரை கரைச் சட்டம், கடலுக்குப் போனால் கடல் சட்டம். மார்க்கோ போலோ சொன்ன அந்தப் பழைய கோடு, அரக்கு முத்திரையாக மாறி நின்றது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

2011இல் அந்தத் துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர் வைத்தார்கள். அதே வருடம் ஜூன் 13ஆம் தேதி கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி கிளம்பியது. பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். அதற்கு முன் அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்கும் கனடாவுக்கும் நடுவே பல வருடம் ஓடிய கப்பல். நடத்தியது விமான நிலையங்களில் தீர்வையில்லாக் கடை வைத்திருந்த ஒரு கம்பெனி. கப்பல் விட்டவர்களுக்குப் பாட்டில் வியாபாரமும் தெரியும்!

நானும் வீட்டுக்காரியும் ஒரு தடவை போனோம். பெட்டியைக் கொடுத்தோம், சீட்டுக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். அவள் கையில் மக்ரூன் பொட்டலம் மட்டும். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு படியேறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். நம் பெட்டி நம் கையில் இல்லாமல் ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. தாத்தா குரல் கேட்ட மாதிரி இருந்தது. அந்தக் கப்பல் ஐந்து மாதம்தான் ஓடியது. நவம்பரோடு நின்றுவிட்டது. இப்போது இலங்கைக்குக் கப்பலேற நாகப்பட்டினம் போக வேண்டும். 2023 அக்டோபரில் அங்கிருந்து காங்கேசன்துறைக்கு விட ஆரம்பித்தார்கள்.

சரி, மகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

பெட்டியைத் துறைமுகத்தில் முதலிலேயே கொடுத்துவிடும்மா. சீட்டைப் பத்திரமாக வை. அது உன் அறை வாசலுக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும். அதனால் மாத்திரை, கண்ணாடி, அடையாள அட்டை, மாற்றுத்துணி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். ஒயினைப் பொறுத்தவரை, உலகத்தில் பல கப்பல் கம்பெனிகள் ஏறும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் அனுமதிக்கின்றன, சில அதுவும் கூடாது என்கின்றன. டிக்கெட்டோடு வந்த விதிகளைப் படித்துவிட்டு வாங்கு. வெளிநாடு போய்த் திரும்பினால் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். கேட்டதற்குக் கூச்சப்பட வேண்டாம். இதையெல்லாம்விடக் கூச்சப்பட வேண்டிய காரியங்கள் இந்தக் கரையில் நடந்திருக்கின்றன.

ஒன்றே ஒன்று. படியேறும்போது கையை வீசிக்கொண்டு போ. திரும்பிப் பார்க்காதே. உன் கொள்ளுத்தாத்தா முழங்காலில் இடுக்கிக்கொண்டு போன பெட்டி இங்கே பரணில் பத்திரமாக இருக்கிறது.