ஓவர்கிளாக்கிங் (பழைய மேசைக்கணினிகளில்)

செயலியை அதன் விதிக்கப்பட்ட துடிப்பு வேகத்துக்கு மேல் ஓட்டுதல். வேகம் என்பது பஸ் துடிப்பையும் பெருக்கெண்ணையும் பெருக்கி வருவது. இன்டெல் பென்டியம் E2160 செயலிக்கு 200 மெகாஹேர்ட்ஸ் × 9 = 1.8 கிகாஹேர்ட்ஸ். பெருக்கெண்ணை மேலே உயர்த்த முடியாதபடி பூட்டியிருப்பதால் பஸ்ஸைத்தான் ஏற்ற வேண்டும். மலிவான தாய்ப்பலகைகள் பலவற்றின் பயாஸில் அதற்கு இடமே இராது.

வழி அடைபட்டால் இரண்டு குறுக்குவழிகள். செட்எஃப்எஸ்பி போன்ற மென்பொருள், விண்டோஸ் ஓடும்போதே துடிப்பு தரும் சில்லை மாற்றும்; சில்லின் மாதிரி தெரியாமல் தொட்டால் கணினி உறைந்து நிற்கும். மற்றது, செயலியின் அடியில் பஸ் வேகத்தை அறிவிக்கும் தொடுபுள்ளியை மின்கடத்தும் மையால் பக்கத்துப் புள்ளியோடு இணைப்பது. பலகை அதை 266 மெகாஹேர்ட்ஸ் செயலி என்றே நம்பிவிடும், வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ் ஆகும். 1998இன் செலரான் 300A செயலியை ஒரு முனையில் டேப் ஒட்டியே 450 மெகாஹேர்ட்ஸுக்கு ஏற்றினார்கள்.

மின்னழுத்தத்தைக் கூட்ட முடியாத பலகையில் எல்லை சீக்கிரமே வந்துவிடும். அது ஒரு வகையில் நல்லதுதான்: மின்நுகர்வும் அதனால் வெப்பமும் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும்.

அதிலும் மட்டக்களப்பு வாவிக்கரையில், கச்சான் எனும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் அறையே 30 பாகையைத் தாண்டும். விசிறி அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. உப்புக்காற்று தொடுமுனைகளை அரிக்கும். பழைய வெப்பப்பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, ஹீட்சிங்கின் தூசியைத் தட்டிய பிறகே வேகத்தில் கைவைக்கலாம்.