தொட்டிக்குள் இரு வரலாறுகள்

மீன்தொட்டியில் செடி வளர்ப்பதை அலங்காரம் என்றே எண்ணிவிடுகிறோம். அதன் வேரில் இருப்பதோ ஒரு வேதியியல் சோதனை. தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, நத்தை மூன்றும் ஒரே கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பதை 1850இல் எழுதிக்காட்டினார் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். அதற்குப் பத்தாண்டு முன்பே, பிரேசிலில் நாட்டரர் திரட்டிய மீன்களிலிருந்து டிஸ்கஸை வியன்னாவின் ஹெக்கல் விவரித்திருந்தார்.

இன்று இவ்விரு வரலாறுகளும் ஒரே கண்ணாடிச் சுவருக்குள் சந்திக்கின்றன. முழு இணக்கத்தோடு அன்று. டிஸ்கஸ் வேண்டுவது 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம். அதில் பல செடிகள் வாடிவிடும். அமேசானில் அது ஒதுங்குவதும் செடிகளைவிட மூழ்கிய மரக்கிளைகளிடையேதான். ஆகவே அமேசான் வாள்செடி, அனூபியாஸ் போல வெம்மை தாங்குவனவற்றைத் தேர்ந்து, மரக்கட்டைக்கும் இடம் விடுவோம். தொட்டியின் அழகு நமக்கு, நீர் மீனுக்கு. இரண்டும் முரணும்போது நாம் யார் பக்கம் நிற்கப்போகிறோம்?