சொர்ணவாரிப் பட்டத்தில் ஒரு முகாம்

தமிழ்நாட்டில் பயிர்த்தொழிலை வகுப்பறைப் பாடமாக்கும் வேலை முதலில் நடந்த இடம் சைதாப்பேட்டை. கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865இல், அங்கே சுமார் 350 ஏக்கரில் ஒரு மாதிரிப் பண்ணை போட்டார்கள். சீமையிலிருந்து இரும்புக் கலப்பையும் நீராவிக் கலப்பையும் இறைவை எந்திரங்களும் கப்பலில் வந்திறங்கின. கண்காணிப்பாளராக ராபர்ட்சன் இருந்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் வயதை 1868இல் இங்கே தொடங்கிய பள்ளியிலிருந்துதான் கணக்கிடுகிறது. முறையான வகுப்புகள் நடக்கத் தொடங்கியது 1876இல். தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தைச் சூறையாடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

அந்தப் பள்ளி நினைத்த அளவுக்குத் தேறவில்லை. மணற்பாங்கான நிலம், நம் மாடு இழுக்க முடியாத கலப்பை, படித்து முடித்ததும் சர்க்கார் உத்தியோகத்தைத் தேடிய மாணவர்கள் என்று பல காரணங்கள் உண்டு. 1889 கடைசியில் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றிய வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கிலேய விவசாயிக்கு எவ்விதத்திலும் குறைந்தவனல்ல என்றே எழுதினார். சைதாப்பேட்டை தொடங்கியபோது அதிகாரிகள் கொண்டிருந்த எண்ணம் இதற்கு நேர் எதிரானது. என்னைக் கேட்டால் பண்ணை தடுமாறியதற்கு மண்ணை விட அந்த எண்ணமே பெரிய காரணம். பக்கத்து ஏரிப் பாசன ஊர்களில் மடை திறப்பவரிடமும் நாற்று விடுபவரிடமும் இருந்த அறிவைக் கேட்டு வாங்கிப் பாடத்தில் சேர்க்க யாரும் முனையவில்லை.

1906இல் பள்ளி கோயம்புத்தூருக்குப் போனது. 1909இல் அங்கே புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. அதைத் திறந்த கவர்னர் ஆர்தர் லாலியின் பெயர் இன்றும் லாலி ரோடாக இருக்கிறது. வளர்ச்சிக்கு அது சரியான இடம்தான். ஆனால் செங்கல்பட்டுச் சீமைப் பிள்ளைகளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரே வேளாண் பள்ளியும் அதோடு போயிற்று.

மிஞ்சியது ஆராய்ச்சி. எங்கள் மண்ணூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திரூரில் 1942இல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தத் திரூர்குப்பத்தின் பெயரைத் தாங்கி 1952இல் வெளிவந்த ரகம்தான் டி.கே.எம். 6. குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தக் குணத்துக்காகவே அதை எடுத்து ஒட்டுச் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஐ.ஆர். 20. தஞ்சாவூரில் எத்தனையோ வருஷம் சம்பாவில் கொடிகட்டிப் பறந்த அதே ஐ.ஆர். 20தான். அதன் தாய் தந்தையரில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்று இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவில் வேளாண்மையும் ஒரு பாடமானது. அதைக் கற்பிப்பதுதான் ஓய்வு பெறும் வரை எனக்கு வேலை. பள்ளிக்குப் பின்னால் இருந்த சிறு வயலில் குருத்துப்பூச்சி தாக்கிய வெண்கதிரைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். தண்டை நகத்தால் கீறினால் உள்ளே புழு இருக்கும். அதைப் பார்த்த பிள்ளை தேர்வில் அந்தக் கேள்வியைத் தவறவிட்டதில்லை. ஆனால் அந்தப் புழுவின் தாயைக் காட்ட எனக்கு வழியே இருந்ததில்லை. வைக்கோல் நிறச் சிறகில் ஒற்றைக் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அந்துப்பூச்சி விளக்குப் பொறிக்கு வருவது இருட்டிய பிறகு. என் மாணவர்களோ ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

ஒட்டுச் சேர்ப்பதும் அப்படித்தான். மறுநாள் விரியவிருக்கும் நெற்பூக்களின் நுனியை மாலையில் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்து, கதிரை உறையிட்டு மூட வேண்டும். மறுநாள் காலை, தந்தைப் பயிர் பூக்கும் வேளையில் உறையைத் திறந்து அதன் கதிரை மேலே தட்ட வேண்டும். பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயலோடு தங்குகிற பிள்ளைக்குத்தான் இது கைவரும். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம், அவ்வளவுதான்.

வேளாண்மையைத் தங்கியிருந்து கற்கும் கோடைப் பள்ளியாக அமெரிக்காவில் நடத்தினார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், தேர்ந்தெடுத்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கோடையில் சில வாரங்கள் விடுதியில் தங்கி மண், பயிர், கால்நடை, உணவு அறிவியல் படித்தார்கள். 2009இல் அந்த மாநில அரசு இத்தகைய பள்ளிகளுக்கான நிதியை நிறுத்தியது. ஒரே கையை நம்பியிருக்கும் எந்த நல்ல காரியத்துக்கும் வரக்கூடிய ஆபத்து அது. அயோவாவில் இருக்கும் உலக உணவுப் பரிசு அறக்கட்டளை 1998 முதல் பள்ளி மாணவர்களை எட்டு வாரம் வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்புகிறது. அவர்களில் சிலர் வந்து தங்கியது நம் சென்னைத் தரமணியில், எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில். அந்தப் பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அயோவாப் பிள்ளைகள் இங்கே வந்து கற்றது எனக்குப் பெருமைதான். மண்ணூர்ப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதே என் ஆசை.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஆலையிலிருந்து கார் ஓடி வரத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் வேலை கிடைக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் மாணவர்கள் பலர் அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினார்கள். 2014இல் நோக்கியா ஆலை மூடியபோது தெருவில் நின்றவர்களிலும் என் மாணவர்கள் உண்டு. இரண்டையும் பார்த்தவன் என்பதால், பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன்.

திரூரில் அப்படி ஒரு கோடை முகாம் நடத்தலாம் என்றால், கோடை விடுமுறையில் வயலில் என்ன இருக்கும் என்று கேட்பார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் இந்தக் கேள்வியே எழக்கூடாது. சித்திரையில் விட்டு ஆடியில் அறுக்கும் சொர்ணவாரி நம் பட்டம். ஆராய்ச்சி நிலையத்தில் இருபது நாள் இடைவெளியில் முன்கூட்டியே விதைத்து வைத்தால், மே மாதத்தில் நாற்று, தூர் கட்டும் பயிர், பூக்கும் பயிர் மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கும். நான்கு வாரம், முப்பது பிள்ளைகள், இரவில் விளக்குப் பொறி, காலையில் ஒட்டு, நடுவில் ஏரி மடைக்கு ஒரு நடை. உள்ளூர் விவசாயிகள் ஆசிரியர்களாக வர வேண்டும். சைதாப்பேட்டையில் விட்டுப்போனது அதுதான்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அத்தகைய நிறுவனங்கள் இந்த வட்டாரத்தில் வரிசையாக நிற்கின்றன. இடம் திரூர் தரட்டும், பாடம் கோவைப் பல்கலைக்கழகம் தரட்டும், பிள்ளைகளைப் பள்ளிக் கல்வித் துறை அனுப்பட்டும்.

மண்ணூர்க்காரர்களும் பக்கத்து வளர்புரத்தாரும் ஜனவரி 26 கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன். மே மாதத்தில் பூக்கும் பயிர் வேண்டுமென்றால் பிப்ரவரியில் விதைத்தாக வேண்டும்.