ஏலாக்குறிச்சியும் அயலாருக்கான தமிழ்ப் பாடநூல்களும்

கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், திருமானூருக்கு அருகே உள்ள சிற்றூர் ஏலாக்குறிச்சி. 2007ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தில் இப்போது இது அடங்கும். பெரும்பாலோர் அடைக்கல மாதா கோவிலுக்காக இவ்வூரை அறிவர். தமிழ் படித்தவர்களுக்கு இது வீரமாமுனிவரின் ஊர். தம் நூல்களில் அவர் இதைத் திருக்காவலூர் என்று குறிப்பிட்டார். தேம்பாவணியின் ஆசிரியர் என்ற பெரும்புகழில் அவருடைய இன்னொரு பணி சற்று மறைந்துபோனது. அறியாத நாட்டுக்குக் கற்பிக்கப் போகிறவர் எப்படித் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறைக் கேள்விக்கு 18ஆம் நூற்றாண்டில் மிக விரிவாக விடை எழுதியவர் அவர்.

இன்று ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு செல்பவர், பட்டச் சான்றிதழ், விசா, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றோடு புறப்பட்டுவிடலாம். ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் துணை ஆசிரியராகச் சேர ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வகுப்பில் பேச வேண்டியதே ஆங்கிலம்தான். வீரமாமுனிவர் காலத்து நிலை இதற்கு நேர் எதிரானது. கற்பிக்க வந்தவர் முதலில் தம் மாணவர்களின் மொழியில் மாணவராக வேண்டியிருந்தது.

புறப்பாடு

கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் கஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். ராவென்னா நகரில் ஆசிரியப் பணி செய்த பின் பொலோஞ்யாவில் இறையியல் படித்தார். கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்ல விரும்பும் சபையினர் உரோமையில் இருந்த தலைவருக்குத் தம் கைப்பட விண்ணப்பம் எழுதுவது அக்கால வழக்கம். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கடிதங்கள் உரோமை ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. எழுதியவர்களில் மிகச் சிலருக்கே அனுமதி கிடைத்தது. பெஸ்கிக்கு அன்றைய தலைவர் தம்புரினி அனுமதி அளித்தார்.

இந்தியாவுக்குப் போகும் வழி லிஸ்பன் துறைமுகம். போர்ச்சுக்கல் அரசின் கப்பல்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் புறப்பட்டால்தான் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்க முடியும். ஏறக்குறைய ஆறு மாதப் பயணம். போர்ச்சுக்கீசிய மொழி தெரியாதவர் லிஸ்பனிலும் கோவாவிலும் எதுவும் செய்ய முடியாது என்பதால், அதுவே அவர்களுடைய முதல் அயல்மொழிப் பாடமாயிற்று. பெஸ்கி 1710 அக்டோபரில் கோவாவில் இறங்கினார். அடுத்த ஆண்டு மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

இரண்டு தமிழ்

அவருக்கு முன்னரே சிலர் பாதை வெட்டியிருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். தத்துவ போதகர் எனப்படும் ராபர்ட் தெ நோபிலி மதுரையில் காவி உடுத்து, புலால் மறுத்து, உள்ளூர்த் துறவியரின் வாழ்க்கை முறையை ஏற்றார். அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதி 1679இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சாயிற்று. எனினும் புதிதாக வருபவருக்கு ஒரு சிக்கல் அப்படியே இருந்தது. புலவரிடம் பாடம் கேட்டுக் கற்ற தமிழ் சந்தையில் உதவாது. சந்தையில் பழகிய தமிழைக் கொண்டு ஏட்டுச் சுவடியைத் திறக்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு மொழிகள்.

பெஸ்கி இரண்டையும் கற்றார். சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் பயின்றார் என்பது மரபுச் செய்தி. முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் நிலைத்த பெயர்.

எழுத்தும் அவர்களைச் சோதித்தது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி இடுவது பழைய விதி. புள்ளி போனதும் குறிலும் நெடிலும் ஒன்றாகத் தெரிந்தன. ‘தென்’ என்பதா ‘தேன்’ என்பதா, ‘கொடு’ என்பதா ‘கோடு’ என்பதா என்று படிப்பவர்தான் இடம்பார்த்து முடிவு செய்ய வேண்டும். தாய்மொழிக்காரருக்கு இது பெரிய தடையாகத் தோன்றியிருக்காது. அயலாருக்கோ ஒவ்வொரு வரியும் புதிர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவிலேயே பிரித்துக் காட்டும் முறை இன்றளவும் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மொழியை வெளியிலிருந்து கற்றவரின் கண்ணுக்கு மட்டும் இத்தகைய இடர்கள் உடனே தட்டுப்படும் போலும்.

கொடுந்தமிழ் இலக்கணம்

அவர் நெடுங்காலம் தங்கிய ஏலாக்குறிச்சி அரியலூர்ப் பாளையத்தைச் சேர்ந்திருந்தது. பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரின் நோயை அவர் தீர்த்ததாகவும், அதற்குக் கைம்மாறாக நிலம் கிடைத்ததாகவும் ஊர் வழக்கு உண்டு. அவருடைய பாடநூல்கள் தோன்றிய காலம் 1720களின் பிற்பகுதியும் 1730களும் ஆகும்.

1728இல் எழுதி முடித்த கொடுந்தமிழ் இலக்கணம் அவற்றுள் முதன்மையானது. கொடுந்தமிழ் என்ற சொல்லைப் பழைய இலக்கண உரைகள் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கைக் குறிக்க ஆண்டன. வீரமாமுனிவர் அதை அன்றாடப் பேச்சுத் தமிழுக்கு ஆக்கினார். பெயரில் சிறிது இளக்காரம் தொனிக்கிறது, உண்மைதான். ஆனால் புலவர்கள் இலக்கணத்துக்குத் தகாதது என்று ஒதுக்கிய பேச்சுவழக்குக்குத் தனி நூலே எழுதியதை இளக்காரம் என்று கொள்ள முடியாது. புதிதாக வரும் தம் சபையினர் மக்களோடு பேசவும் எழுதவும் வேண்டியது எதுவோ, அதையே அவர் விதிகளாக வகுத்தார். அதைக் கடந்தவர்களுக்குச் செந்தமிழ் இலக்கணத்தைத் தனியே எழுதினார்.

இவ்விரு நூல்களும் இலத்தீனில் உள்ளன. வருபவர்களில் போர்ச்சுக்கீசியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் இருந்தனர். அனைவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி இலத்தீன். இந்த ஒரு முடிவு நூலின் தலைவிதியையே மாற்றியது.

எதிர்த்தரப்பின் அச்சகம்

தரங்கம்பாடியில் 1706 முதல் டேனிய-ஹாலே லூத்தரன் சபையினர் இயங்கிவந்தனர். அவர்களுள் மூத்தவரான சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகித் தமிழ் கற்றவர். ஐரோப்பாவுக்குத் திரும்பும் கப்பலில் எழுதிய அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. இந்தத் தரப்புக்கும் வீரமாமுனிவருக்கும் சமயப் பகை கடுமையானது. அவர்களை மறுத்து 1728இல் வேத விளக்கம் எழுதினார். லுத்தேரினத்தியல்பு என்றொரு நூலும் உண்டு. மறுப்பு நூல்களின் நடை மென்மையானதன்று.

ஆனால் தமிழ் அச்சகம் இருந்தது தரங்கம்பாடியில். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அங்கேதான் அச்சேறியது. தம்மைத் திட்டியவர் எழுதிய நூலைத் தம் செலவில் எழுத்துக்கோத்து வெளியிட்டனர். காரணம் ஊகிக்கக்கூடியதே: ஹாலேயிலிருந்து வரும் இளைஞர்களுக்கும் இலத்தீன் தெரியும், தமிழ் தெரியாது. அடுத்த ஆண்டே அச்சபையின் வால்தர் என்பவர் அதற்குத் துணையாக இலக்கணக் குறிப்புகள் எழுதி அச்சிட்டார். கோட்பாட்டில் ஒரு சொல்லுக்கும் விட்டுக்கொடுக்காத இரு தரப்பும் வேற்றுமை உருபுக்கும் வினைமுற்றுக்கும் ஒரே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தன.

அகராதியும் அசட்டுச் சீடர்களும்

1732இல் சதுரகராதி வந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகளே கதி. அவை செய்யுளில் இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கு மட்டுமே பயன்படும். சிறுவயது முதல் ஓதி வந்தவருக்கு அது எளிது. முப்பது வயதில் கப்பலிலிருந்து இறங்கியவருக்கு அகர வரிசைதான் கைகொடுக்கும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த முறை தமிழருக்கும் பழக்கமாகி, நிகண்டு ஓதும் வழக்கம் அடுத்த நூற்றாண்டுகளில் மெல்ல ஓய்ந்தது.

இலக்கணமும் அகராதியும் இருந்தால் போதாது. படித்துப் பழக எளிய உரைநடை வேண்டும். அதற்காக அவர் இலத்தீன் மொழிபெயர்ப்போடு எழுதியதே பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பெயர்ப்பட்டியலே ஒரு சொற்பாடம்தான். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பதும், எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவனைக் காணோம் என்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைகொடுத்து வாங்குவதும் குழந்தைகளைச் சிரிக்கவைக்கின்றன. கற்பவருக்கோ எண், விலை பேசுதல், வழி கேட்டல், சண்டை, சமாதானம் எல்லாம் போகிற போக்கில் வந்துவிடுகின்றன. சிரித்தவர் பாடத்தை மறப்பதில்லை என்பதை ராவென்னாவில் ஆசிரியராக இருந்தபோதே அவர் கண்டிருக்கலாம்.

பின்வந்தவர்கள்

1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியபோது அங்கே வந்த ஆங்கிலேய இளம் அதிகாரிகளுக்கும் அதே பழைய சிக்கல்தான். கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ் வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடச் செய்தார். தேடிச் சென்ற முத்துசாமிப் பிள்ளை 1822இல் அவருடைய வரலாற்றை எழுதினார். அதே ஆண்டில் செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலமாக்கிச் சென்னையில் வெளியிட்டார். பரமார்த்த குருவின் கதையை மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் சேர்த்து இலண்டனில் அச்சிட்டார். சதுரகராதி 1824இல் முழுமையாக அச்சில் வந்தது. எழுதி ஏறக்குறைய நூறாண்டுக்குப் பிறகு, முற்றிலும் வேறு நோக்கத்தோடு வந்த வேறு நாட்டவருக்கு அந்த நூல்கள் பாடம் சொல்லின.

வீரமாமுனிவர் இத்தாலிக்குத் திரும்பவில்லை. இறுதி நாட்களை மணப்பாட்டில் கழித்தார் என்ற பழைய கருத்து ஒன்று உண்டு. 1747 பிப்ரவரி 4 அன்று அம்பழக்காட்டில் காலமானார் என்பதையே ஆய்வாளர் பலரும் ஏற்கின்றனர். புரோயென்சாவின் அகராதி 68 ஆண்டுகளுக்கு முன் அச்சான அதே ஊர் அது.